வீட்டு விளக்கும் பள்ளி வாசலும்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் அரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் ஏறுகிறவர் சங்கத்தின் சாதனைகளை எடுத்துரைப்பது மரபு. எனக்கு முன் பேசியவர்கள் அப்பணியைச் செவ்வனே நிறைவேற்றிவிட்டனர். எனக்குத் தரப்பட்ட தலைப்பு, ‘இளங்குழந்தையின் கல்வியும் குடும்பமும்’ என்பது. நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். சேரியில், ஒரு கிறித்தவக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவன். பள்ளியைக் காணுமுன்னே வீட்டில் எழுத்தறிந்தவன். இந்த மூன்று தகுதிகளைத் தவிர வேறெதுவும் என்னிடம் இல்லை. ஆகவே, ஏட்டில் படித்ததையும் வாழ்வில் பட்டதையும் கலந்தே பேச விரும்புகிறேன். இவ்வரங்கில் கிறித்தவரல்லாத உடன்பிறப்புகளும் அமர்ந்திருக்கிறீர்கள். நான் கூறப்போகும் குடும்பங்கள் பெரும்பாலும் கிறித்தவக் குடும்பங்களே ஆயினும், கேள்வி நம் எல்லோருக்கும் பொதுவானது.

இளம் பெற்றோர் கேட்ட கேள்வி

சென்ற ஆண்டு எங்கள் சபையைச் சேர்ந்த ஓர் இளம் தம்பதியர் என் இல்லம் தேடி வந்தனர். இருவரும் பட்டதாரிகள். அவர்களுக்கு ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. அக்குழந்தை படிக்கும் பள்ளியில், மதிய உணவு வேளையில், உடன் படிக்கும் ஒரு பிள்ளை இவள் நீட்டிய பலகாரத்தை வாங்க மறுத்து, “உங்கள் வீட்டில் சாப்பிடக் கூடாதென்று அம்மா சொன்னார்கள்” என்று கூறியிருக்கிறது. பெற்றோர் சென்று முறையிட்டபோது, அது குழந்தைகளின் விளையாட்டுச் சண்டை என்று சொல்லி அனுப்பிவிட்டனர். மறுநாளிலிருந்து குழந்தை உணவுப் பாத்திரத்தைத் திறவாமலே வீட்டிற்குக் கொண்டு வருகிறதாம்.

“ஐயா, மேல்நாடுகளில் கிறித்தவக் குடும்பங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே திருமறையோடு சேர்த்துப் பாடம் கற்பிக்கிறார்களே, நாங்களும் அவ்வாறே செய்தால் என்ன? எங்களுக்குப் படிப்பு இருக்கிறது. எங்கள் பிள்ளை ஏன் இந்த அவமானத்தைச் சுமக்க வேண்டும்?” என்று அந்தத் தாய் கேட்டார். அவர் கண்களில் நீர் நின்றது. உடனே விடை கூற என்னால் இயலவில்லை. ஒரு வார காலம் தவணை கேட்டேன். அந்த வாரத்தில் நான் எண்ணிப் பார்த்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

அவர் கூறிய செய்தி உண்மையே. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கு 1993-ஆம் ஆண்டளவில் ஐம்பது மாநிலங்களிலும் சட்டப்படி இடம் ஏற்பட்டுவிட்டது. அதற்காகப் போராடியவர்களில் கிறித்தவக் குடும்பங்கள் முன்வரிசையில் நின்றன. ஆனால் ஒன்றை நாம் மறக்கலாகாது. அவர்களுள் பெரும்பாலோர் தங்களுக்குத் திறந்திருந்த பள்ளியைத் தாங்களே வேண்டாமென்று விட்டவர்கள். நம் முன்னோரோ, பள்ளி மூடியிருந்த காரணத்தால் வீட்டில் இருத்தப்பட்டவர்கள். செயல் ஒன்றுபோல் தோன்றினும் பொருள் வேறு.

எப்வொர்த் குருமனையில் ஒரு பள்ளி

கிறித்தவக் குடும்பங்களில் நடந்த வீட்டுக் கல்விக்கு ஒரு தாயின் பெயரை உலகம் முழுவதும் எடுத்துக்காட்டாகக் கூறுவர். அவர் சூசன்னா வெஸ்லி. இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் மாவட்டத்து எப்வொர்த் என்னும் ஊரில் குருவானவராக இருந்த சாமுவேல் வெஸ்லியின் மனைவி. மெதடிஸ்டு இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி ஆகியோரைப் பெற்ற தாய். அந்த இயக்கத்தின் ஊழியர்கள் 1817-இல் சென்னைக்கு வந்தார்கள். அவர்கள் வழியே பின்னாளில் நம் சேரிகள் பலவற்றில் சிறு பள்ளிகள் எழுந்தன. ஆகவே அந்தத் தாய் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர்.

சூசன்னா பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்றார். பிழைத்து வளர்ந்தவை பத்து. கணவர் 1705-இல் கடனுக்காகச் சிறையில் அடைக்கப்பட்டார். 1709-இல் குருமனை தீப்பற்றி எரிந்து சாம்பலாயிற்று. ஐந்து வயதுச் சிறுவனாயிருந்த ஜான் சன்னல் வழியே தூக்கிக் காப்பாற்றப்பட்டான். இத்தனை துன்பங்களுக்கு நடுவிலும் அவ்வம்மையார் தம் பிள்ளைகளுக்கு நாள்தோறும் ஆறு மணி நேரம் பாடம் நடத்தினார்: காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரை. தம் முறையை விளக்கி 1732-இல் மகன் ஜானுக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கிறது.

அக்கடிதத்தில் உள்ள செய்திகள் நம் கவனத்திற்கு உரியவை. குழந்தைக்கு ஐந்து வயது நிறையும்வரை அவர் எழுத்தைத் தொடுவதில்லை. ஐந்து நிறைந்த மறுநாள் அந்தக் குழந்தைக்கென்றே ஒதுக்கப்படும். முதல் நாளே வீட்டு வேலைகளெல்லாம் பங்கிடப்பட்டுவிடும். பாட வேளையில் எவரும் அந்த அறைக்குள் நுழையலாகாது. அந்த ஒரே நாளில் குழந்தை ஆங்கில எழுத்துகள் அனைத்தையும் கற்றுவிடும். இரண்டு பெண்களுக்கு மட்டும் ஒன்றரை நாள் ஆயிற்று. பிறகு ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை எடுத்து, முதலில் எழுத்துக் கூட்டியும், பின்பு வரி வரியாகவும், பிழையற வரும்வரை வாசிக்கச் செய்வார். பிறருடைய வற்புறுத்தலால் ஒரே ஒரு பெண்ணுக்கு மட்டும் ஐந்து வயதுக்கு முன்னரே எழுத்தைத் தொடங்கினார். மற்றவர்கள் மாதக் கணக்கில் கற்றதை அந்தப் பிள்ளை கற்க ஆண்டுக் கணக்கில் ஆயிற்றாம். மூன்று வயதில் எழுதவில்லையே என்று பிள்ளையை அடிக்கும் பெற்றோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

மற்றொரு செய்தி. கணவர் வெளியூர் சென்றிருந்தபோது, 1712-இல் அவருக்கு எழுதிய கடிதத்தில், ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையோடு தனித்து உரையாடுவதாகக் கூறுகிறார். வியாழன் ஜானுக்கு; சனி சார்லசுக்கு; மற்ற நாள்கள் பெண் மக்களுக்கு. இத்தனை பிள்ளைகள் உள்ள வீட்டில், ஒவ்வொரு பிள்ளையும் ‘இந்த நாள் என்னுடையது’ என்று எண்ணும்படி செய்தார். பணத்தால் செய்யக்கூடியது அன்று இது, மனத்தால் செய்யக்கூடியது.

குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்ளும் பிள்ளைக்கு அடி இல்லை. ஒரு குற்றத்திற்கு இரு முறை தண்டனை இல்லை. பிள்ளைக்குக் கொடுத்த வாக்கைத் தவறலாகாது. ஒரு குண்டூசி அளவு பொருளாயினும், அது யாருடையதோ அவர் இசைவின்றிப் பிறர் தொடலாகாது. அவருடைய சட்டங்களுள் இவை சில. அனைத்திற்கும் மேலாக ஒன்று: நன்றாக வாசிக்கக் கற்றுக்கொள்ளும் வரையில் எந்தப் பெண் பிள்ளையையும் கைவேலைக்கு வைக்கலாகாது என்பது. இந்தச் சட்டத்திற்கு நான் மீண்டும் வருவேன்.

ஆயினும், அவர் செய்த யாவும் நமக்கு முன்மாதிரி அல்ல. ஒரு வயது நிரம்பியதும் பிரம்புக்கு அஞ்சவும், ஓசையின்றி அழவும் குழந்தைகளைப் பழக்கினார்; குழந்தையின் பிடிவாதத்தை முதலில் முறிக்க வேண்டும் என்று நம்பினார். அன்பர்களே, நம் பிள்ளைகளின் மனத்தை முறிப்பதற்கு ஊர் இருக்கிறது, தெரு இருக்கிறது, தேநீர்க் கடை இருக்கிறது. ஓசையின்றி அழுவதற்கு நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பழகியிருக்கிறார்கள். வீடாவது அவர்களுக்கு நிமிர்ந்து நிற்கக் கற்றுத் தரட்டும். நம் வீட்டுப் பள்ளியில் பிரம்பு வேண்டாம்.

கரியால் எழுதிய சுவர்

சூசன்னா வெஸ்லியின் தந்தையார் இலண்டனில் புகழ் பெற்ற போதகர். நூல்கள் நிறைந்த வீட்டில் பிறந்தவர் அவ்வம்மையார். “எழுத்தறியாத எங்கள் வீட்டுத் தாய் என்ன செய்வாள்?” என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கு விடையாக, எழுத்தறியாத என் தாயாரைப் பற்றிக் கூற அனுமதியுங்கள்.

என் தாயார் நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குச் சென்றவர். எனக்கு ஐந்து வயதானபோது, ஊர்ப் பள்ளிக்குப் போக வேண்டுமானால் ஊர்த் தெருவைக் கடந்தாக வேண்டும். சிறு பிள்ளையைத் தனியே அனுப்ப என் பெற்றோர் அஞ்சினர். எங்கள் சேரியின் சிறு ஜெபக்கூடத்திற்கு வாரம் ஒரு முறை உபதேசியார் வருவார். என் தாயார் அவரிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தார். அதன்படி அவர் வரும்போதெல்லாம் எங்கள் குடிசையின் மண்சுவரில் கரிக்கட்டியால் நான்கு எழுத்துகளை எழுதிவிட்டுப் போவார். வாரம் முழுவதும், மாலையில் கூலி முடிந்து வந்ததும், தாயார் என்னை அச்சுவரின் முன் நிறுத்தி, ஒவ்வோர் எழுத்தின்மேலும் விரலால் தடவச் சொல்வார். எழுத்தின் பெயர் அவருக்கு மறந்துபோகும், வடிவம் மறக்காது. “அந்தச் சுழியை விட்டுவிட்டாயே” என்பார். கிறிஸ்துமசுக்கு முன் வீட்டிற்குச் சுண்ணாம்பு அடித்தபோது, அந்த ஒரு சுவரை மட்டும் அடிக்காமல் விட்டார். விருந்தாடிகள் கேட்டபோது, “அது பையனுடைய புத்தகம்” என்றார்.

எழுத்துக் கூட்ட வந்த பின் திருமறை வாசிப்புத் தொடங்கியது. என் தாயாருக்கு இருபத்துமூன்றாம் சங்கீதமும் இன்னும் சில சங்கீதங்களும், பல கீர்த்தனைகளும் மனப்பாடம். எல்லாம் காதால் கேட்டுக் கற்றவை. மண்ணெண்ணெய் விளக்கின் அருகில் நான் விரல் வைத்து வாசிப்பேன். அவர் அடுப்பருகில் இருந்தபடி கேட்பார். நான் ஒரு சொல்லை விழுங்கினால், “நில், அங்கே ஒரு சொல் இருக்கிறது, பார்” என்பார். பார்த்தால் இருக்கும். எழுத்தறியாத ஒருவர் எழுத்தறிந்த பிள்ளையைத் திருத்தினார். தமக்குத் தெரிந்ததைக் கொண்டு தமக்குத் தெரியாததைக் கற்பித்தார். ஏழு வயதில் நான் பள்ளிக்குச் சென்றபோது, என்னைப் பின்வரிசையில் தனியே அமர்த்தினார்கள். ஆனால் பாடத்தை வாசிக்கச் சொன்னபோது நான் நிறுத்தாமல் வாசித்தேன். அமரும் இடத்தை அவர்கள் தீர்மானித்தார்கள். வாசிப்பை என் தாயார் முன்பே தீர்மானித்துவிட்டிருந்தார்.

இது கிறித்தவ வீடுகளுக்கு மட்டுமே உரிய செல்வமன்று. அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் ராம்ஜி சக்பால் கபீர் நெறியைப் பின்பற்றியவர். இராணுவப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். தம் பிள்ளைகளுக்கு வீட்டில் தாமே கற்பித்தார். பம்பாயில் பரேல் பகுதியில் ஒற்றை அறையில் குடியிருந்த நாளில், பின்னிரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பிப் படிக்க வைத்தார். அந்த மகன் அதற்கு முன் சாத்தாராவில் பள்ளிக்குச் சென்றபோது, உட்காரச் சாக்குத் துணியை வீட்டிலிருந்தே கொண்டுசென்றார். பள்ளிப் பணியாள் ஊற்றினாலன்றி அவருக்குத் தண்ணீர் இல்லை. அதற்காகத் தந்தை மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தவில்லை. வீட்டில் விளக்கையும் ஏற்றினார், பள்ளிக்கும் அனுப்பினார்.

விளக்கு இருந்தும் வாசல் இல்லாதவர்கள்

இனி, நான் சொல்ல வந்த செய்தியின் மையத்திற்கு வருகிறேன்.

சூசன்னா வெஸ்லி தம் ஆண் மக்கள் மூவரையும் உரிய வயதில் வெளியே அனுப்பினார். மூத்தவரும் சார்லசும் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளிக்கும், ஜான் சார்ட்டர்ஹவுஸ் பள்ளிக்கும், பின்பு மூவரும் ஆக்ஸ்போர்டுக்கும் சென்றனர். வீட்டுக் கல்வியின் மகிமைக்குச் சான்றாகக் காட்டப்படும் அந்த ஆண்கள் வீட்டோடு நின்றுவிடவில்லை. வீட்டோடு நின்றவர்கள் பெண் மக்கள் எழுவர். அவர்களும் அதே தாயிடம், அதே அறையில் கற்றவர்கள். அவர்களுள் ஹெட்டி என்பவர் எட்டு வயதிலேயே கிரேக்க மொழியில் புதிய ஏற்பாட்டை வாசித்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். கவிதை இயற்றும் ஆற்றலும் பெற்றிருந்தார். ஆனால் அந்நாளில் பெண்களுக்குப் பல்கலைக்கழகம் இல்லை, பதவி இல்லை. தாம் விரும்பாத மணத்தில் 1725-இல் தள்ளப்பட்டுத் துயருற்றே வாழ்ந்தார். அண்ணனுக்கும் தம்பிக்கும் இருந்த அதே விளக்கு அவருக்கும் இருந்தது. வாசல் மட்டும் இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு என் தமக்கையார் நினைவு வந்தது. நான் சுவரின் முன் நின்ற அதே மாலைகளில், ஒன்பது வயதுச் சிறுமியாகிய அவர் நீர் சுமந்துகொண்டிருந்தார். பகலில் தாயாரோடு நடவில் இருந்தார். நான் வாசித்த சங்கீதங்களை அவரும் கேட்டார். என்னைவிட விரைவாக மனப்பாடம் செய்தார். ஆனால் அவரை அச்சுவரின் முன் எவரும் நிறுத்தவில்லை. என் தாயாரை நான் குறை கூறவில்லை. இரண்டு கூலி இல்லாமல் அந்த வீட்டில் அடுப்பு எரிந்திராது. ஆயினும் உண்மையை மறைக்க எனக்கு உரிமையில்லை. என் படிப்பின் ஒரு பகுதியை என் தமக்கையார் தம் கூலியால் கட்டினார். வாசிக்கத் தெரியும்வரை பெண் பிள்ளையை வேலைக்கு வைக்கலாகாது என்று முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் சட்டம் செய்தாரே; அந்தச் சட்டம் எங்கள் சுவரில் எழுதப்பட்டிருந்தால் என்று எத்தனையோ இரவுகள் எண்ணியிருக்கிறேன்.

ஆகவே என் முடிவு இது: வீட்டுக் கல்வி விளக்கு, பள்ளி வாசல். விளக்கு இல்லாதவன் வாசலைக் கண்டும் தடுமாறுவான். வாசல் இல்லாதவன் விளக்கை வைத்துக்கொண்டு வீட்டிற்குள்ளேயே அமர்ந்திருப்பான். நமக்கு இரண்டும் வேண்டும்.

நாம் வென்ற வாசல்

பள்ளி வாசல் நமக்கு எவரும் இரக்கப்பட்டுத் திறந்ததன்று. பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் பொது இடங்களிலும் நம் மக்களுக்கு உரிமை உண்டென்று 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றச் செய்தவர் இரட்டைமலை சீனிவாசன். பள்ளிக்குச் செல்லும் தெருவில் நடப்பதற்கே சட்டமன்றத் தீர்மானம் தேவைப்பட்ட மக்கள் நாம். இன்று, பிள்ளையின் மனம் புண்படுகிறதே என்று அந்த வாசலிலிருந்து நாமே திரும்பி வந்துவிட்டால், நம்மைத் தடுத்தவர்கள் செய்ய முடியாததை நாம் செய்து முடித்தவர்களாவோம்.

கிறித்தவக் குடும்பங்களுக்கு மற்றொரு காரணமும் உண்டு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினருக்கான தகுதியைப் பெரும்பாலும் இந்துக்களுக்கே தந்தது. 1956-இல் சீக்கியருக்கும், 1990-இல் பௌத்தருக்கும் அது நீட்டிக்கப்பட்டது, கிறித்தவருக்கு நீட்டிக்கப்படவில்லை. நம் மாநிலத்தில் மதம் மாறிய நம்மவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கின்றனர். தெருவில் நாம் பறையர், பள்ளர், சக்கிலியர், ஏட்டில் வேறு. இந்நிலையில் நம் பிள்ளை பொதுக் கல்வியிலிருந்தும் விலகினால் அவனுக்கு நிற்க ஏது இடம்?

எனினும், அவமானத்தைப் பொறுத்துக்கொண்டு இருங்கள் என்று நான் கூறவில்லை. இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் கல்வி உரிமை என்கிறது அச்சட்டம். பிள்ளையை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் அது தடை செய்கிறது. நலிந்த பிரிவுப் பிள்ளைகள் பாகுபாட்டுக்கு ஆளாகாமல் காப்பதை அரசின் கடமையாக்குகிறது. அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு விகிதப்படி இடம். நம் தாய்மார்களில் எத்தனை பேர் அக்குழுக்களில் அமர்ந்து வாய் திறக்கிறோம்? பிள்ளையை வீட்டிற்கு அழைத்து வருவதற்கு முன், தாய் பள்ளிக்குள் செல்லட்டும்.

பள்ளி இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதை நாம் அண்மையில் கண்டோம். பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் முதல் நாளில்தான் திறந்தன. கைப்பேசியில் பாடம் வந்தது. நம் வீடுகளில் இருந்த ஒரே கைப்பேசி தந்தையோடு வேலைக்குச் சென்றது. வசதியுள்ள வீடுகள் பள்ளியாக மாறின. நம் வீடுகளில் பல வெறும் வீடாகவே நின்றன. சில சிறுவர் மாடு மேய்க்கவும் பட்டறைக்கும் சென்றதை என் கண்ணாலேயே கண்டேன். பின்னர் 2021-இல் அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தைத் தொடங்கியபோது, எங்கள் பகுதியில் நம் படித்த பெண்கள் பலர் தன்னார்வலராகத் திண்ணைகளில் அமர்ந்து பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். அவர்களுக்கு இந்த மேடையிலிருந்து என் வணக்கம்.

அந்தக் காலத்தில்தான் என் தமக்கையார் வீட்டில் ஒன்று நடந்தது. அவருடைய பேத்தி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தும் பள்ளியைக் காணாதவள். பாட்டி தமக்குத் தெரிந்த ஒரே முறையைக் கையாண்டார்: பேத்தியை வாசிக்கச் சொல்லித் தாம் கேட்டார். சங்கீதத்தில் ஒரு சொல் தவறினால், “நில்” என்றார். ஒரு நாள் அந்தச் சிறுமி, “ஆயா, நீங்களே பார்த்து வாசியுங்களேன்” என்று புத்தகத்தை நீட்டினாளாம். பாட்டிக்கு வாசிக்க வராது என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்த பின் அவள் விடவில்லை. இன்று என் தமக்கையார் மகளிர் குழுவின் பதிவேட்டில் கைநாட்டு வைப்பதில்லை, பெயரை எழுதுகிறார். வாசிப்பு இன்னும் தட்டுத் தடுமாறித்தான் வருகிறது. என்னைக் கண்டதும் அவர் கூறியது: “தம்பி, அந்தச் சுவர் இப்போதுதான் எனக்குக் கிடைத்தது.” நான் விடை கூறாமல் தலை குனிந்து நின்றேன்.

வீட்டில் செய்யத்தக்கவை

இளம் பெற்றோர்களே, உங்கள் வீட்டுப் பள்ளிக்குச் சில நடைமுறைகளைக் கூறி முடிக்கிறேன்.

முதலாவது, நேரம். ஆறு மணி நேரம் நமக்கு முடியாது. அரை மணி முடியும். நாள்தோறும் ஒரே வேளையில், தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்துவிட்டு அமருங்கள். குடும்ப ஜெபம் நடத்தும் வீடுகளில் அதற்கு முன்னோ பின்னோ வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, பேச்சு. மூன்று, நான்கு வயதில் எழுத்துக்கு அவசரப்படாதீர்கள். கதை சொல்லுங்கள். யோசேப்பின் கதையும் தாவீதின் கதையும் சொல்லுங்கள். உங்கள் பாட்டன் பண்ணையில் பட்ட பாட்டையும் சொல்லுங்கள். அக்கதையைப் பிள்ளையைத் திரும்பச் சொல்லச் செய்யுங்கள். சொற்கள் நிறைந்த பிள்ளைக்கு எழுத்து எளிதில் வரும்.

மூன்றாவது, எழுத்து. தமிழின் 247 எழுத்துகளையும் ஒரே மூச்சில் ஒப்பிக்க வைக்காதீர்கள். ட, ப, ம போன்ற எளிய எழுத்துகளில் தொடங்குங்கள். படம், பட்டம் என்று சொற்களாகக் கூட்டுங்கள். பட்டா என்ற சொல்லையும் எழுதிக் காட்டுங்கள். அதன் பொருளையும் சொல்லுங்கள்.

நான்காவது, வாசிப்பு. எழுத்தறியாத பெற்றோர் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதே கற்பித்தல். மனப்பாடமாகத் தெரிந்த பாட்டோ சங்கீதமோ திருக்குறளோ இருந்தால் அதுவே உங்கள் பாடநூல்.

ஐந்தாவது, பெண் பிள்ளை. நன்றாக வாசிக்கத் தெரியும்வரை அவள் கையில் துடைப்பமோ தம்பியோ தரப்படக் கூடாது. இதை நான் வேண்டுகோளாக அன்று, கட்டளையாகவே கூறுகிறேன். வயது எனக்கு அந்த உரிமையைத் தந்திருக்கிறது.

ஆறாவது, மானம். சாதியைப் பற்றிப் பிள்ளை கேட்டால் மறைக்காதீர்கள். குற்றம் உன்னிடம் இல்லை, உன்னை விலக்கியவரிடம் இருக்கிறது என்று ஐந்து வயதிலேயே சொல்லலாம். அந்த வயதில் அது நன்றாகவே விளங்கும். கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டவள் நீ என்று கிறித்தவ வீடு சொல்லிக் கொடுக்கும் பாடத்தின் பயன் இதுவே.

என்னிடம் வந்த அந்த இளம் பெற்றோருக்கு இவற்றையே கூறினேன். அவர்கள் குழந்தையைப் பள்ளியிலிருந்து நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு பெற்றோரை உடன் அழைத்துக்கொண்டு மீண்டும் பள்ளிக்குச் சென்றனர். இம்முறை முறையீட்டை எழுத்தில் கொடுத்தனர். எல்லாம் சீராகிவிட்டதென்று நான் கூற மாட்டேன். ஆனால் குழந்தை இப்போது உணவுப் பாத்திரத்தைத் திறக்கிறாள். அருகில் அமர்ந்து பகிர்ந்துண்ண ஒரு தோழியும் கிடைத்திருக்கிறாள். மாலையில் தந்தை அரை மணி நேரம் அவளோடு அமர்கிறார்.

இளைஞர்களே, இச்சங்கத்தின் முதல் இருபத்தைந்து ஆண்டுகள் நம் பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் விடுதியும் தேடித் தருவதில் கழிந்தன. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு நான் ஒன்று கேட்கிறேன். உங்களில் படித்தவர் ஒவ்வொருவரும் எழுத்தறியாத பெற்றோர் உள்ள ஒரு வீட்டைத் தேர்ந்துகொள்ளுங்கள். வாரம் ஒரு முறை அங்கே செல்லுங்கள். எங்கள் வீட்டிற்கு வந்த உபதேசியார் தந்தது நான்கு எழுத்துகளே. மற்றதை என் தாயார் பார்த்துக்கொண்டார். நீங்களும் நான்கு எழுத்துகளை எழுதிவிட்டு வாருங்கள். அந்த வீட்டில் ஒரு பெண் பிள்ளை இருந்தால், அவளை முதலில் சுவரின் முன் நிறுத்துங்கள்.